தொலைவிலுள்ள கருவியும் அதன் பிழையும்

இந்நாட்டில் மழையை அளக்கும் கருவி, ஆற்று நீர்மட்டத்தைக் குறிக்கும் கருவி, பாசனக் கிணற்றின் மோட்டாரை இயக்கும் கருவி, மின்சார மீட்டர் ஆகியவற்றுள் பலவும் இன்று தம்முள் ஒரு சிறு கணிப்பொறியை அடக்கியனவாக உள்ளன. மேஜைமீது வைத்து உபயோகிக்கும் கணிப்பொறிக்குரிய திரையோ எழுத்துப் பலகையோ இவற்றுக்கு இல்லை. நகத்தளவான ஒரு சில்லு, அதில் பதிக்கப்பட்ட ஒரு நிரல், அந்நிரலின் கட்டளைப்படி இயங்கும் உணர்விகள், இவ்வளவே. இத்தகைய கணிப்பொறியை உட்பொதி கணிப்பொறி என்பர். பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு, அதனுள் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதன் அடையாளமாகத் தென்படுவது பெரும்பாலும் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு விளக்கு மட்டுமே.

இக்கருவி பிழைபடும்போது ஒரு விசித்திரமான நிலை ஏற்படுகிறது. நிரலை எழுதியவர் பெங்களூரிலோ புணேயிலோ இருக்கிறார். கருவி ஒரு மலைச்சரிவிலோ அணைக்கட்டின் மீதோ இருக்கிறது. நிரலை அறிந்தவர் கருவியைக் காண்பதில்லை. கருவியைக் காண்பவர் நிரலை அறிவதில்லை. இவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடந்து, ஓடுகின்ற நிரலின் உள்நிலையை ஆராய்ந்து குற்றத்தைக் கண்டறியும் முறையே தொலைப் பிழைகாண்டல் ஆகும். அது பொறியியல் வல்லுநர்க்கே உரிய தனிக்கலை என்றும், களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் அதில் வேலையில்லை என்றும் ஓர் எண்ணம் பரவியுள்ளது. அவ்வெண்ணம் தவறானது. தொலைவிலிருந்து பிழை காண இயலுமா இயலாதா என்பதில் பெரும்பகுதி, பிழை தோன்றுவதற்கு முன்பே, கருவியைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எஞ்சியதைத் தீர்மானிப்பது, அப்பெட்டியைக் களத்தில் முதலில் திறக்கும் பணியாளரின் கை.

'டீபக்கிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிழைநீக்கம், வழுநீக்கல், பிழைதிருத்தம் என்றெல்லாம் தமிழாக்கம் வழங்குகிறது. மூன்றும் வேலையின் கடைசிப் பகுதியையே குறிக்கின்றன. பிழை இன்னதென்று தெரிந்தபின் அதை நீக்குவது பலவேளைகளில் ஓரிரு வரிகளை மாற்றும் காரியம். அதைக் காண்பதற்குத்தான் நாட்களும் வாரங்களும் செல்கின்றன. ஆகவே இங்குப் பிழைகாண்டல் என்ற சொல்லே ஆளப்படுகிறது. கலைச்சொல் தேர்வில் கருத்து வேறுபடுவோர் இருக்கலாம். எனினும், காணாத பிழையை நீக்கிவிட்டதாகக் கருதிக்கொண்டு கருவியை அணைத்து மீண்டும் ஏற்றிச் செல்வோர் மிகுந்துள்ள இக்காலத்தில், இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது வீண் சொல்லாராய்ச்சி ஆகாது.

முறையின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியதே. ஆராய்வோரின் மேஜையிலுள்ள பெரிய கணிப்பொறியில் டீபக்கர் எனப்படும் பிழைகாண் நிரல் ஓடும். இவற்றுள் மிகவும் வழக்கிலுள்ளது, ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-ஆம் ஆண்டில் எழுதிய ஜி.டி.பி. என்பதாகும். தொலைவிலுள்ள கருவியில், ஜி.டி.பி. செர்வர் போன்ற ஒரு சிறு துணை நிரல் ஓடும். மேஜைக் கணிப்பொறி கேட்கும். துணை நிரல் விடை கூறும். இன்ன நினைவிடத்தில் உள்ள எண் யாது, நிரல் இப்பொழுது எந்த வரியில் நிற்கிறது, இன்ன இடத்திற்கு வந்ததும் நில், என்பனபோன்ற சிறு சிறு உரையாடல்களே இவை. துணை நிரலுக்கும் இடமில்லாத மிகச்சிறு சில்லுகளில், சில்லின் உள்ளேயே அமைந்த சோதனைக் கம்பிகளின் வழியாக இவ்வேலை நடைபெறும். 1990-ஆம் ஆண்டில் தரமாக ஏற்கப்பட்ட ஜே.டேக். என்னும் அமைப்பு இதற்குரியது.

இதில் முதல் இடர்ப்பாடு தொடர்பே கிடைக்காமற் போவது. அந்நிலையில் வரும் செய்தியை ஊன்றிப் படிக்க வேண்டும். தொடர்பு மறுக்கப்பட்டது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் கருவி உயிருடன் உள்ளது, வழியும் திறந்துள்ளது, துணை நிரல் மட்டும் ஓடவில்லை என்பது பொருள். காலம் கடந்தும் விடை வரவில்லை என்று செய்தி வந்தால், கருவிக்கு மின்சாரம் இல்லாமலிருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், அல்லது இடையிலுள்ள காப்புச்சுவர் செய்தியை விழுங்கியிருக்கலாம். முன்னதற்கும் பின்னதற்கும் ஆராய வேண்டிய இடங்கள் வெவ்வேறு. கம்பிவழித் தொடர்பாயின், இரு பக்கத்தின் வேக அளவும் ஒத்திராதபோது பொருளற்ற எழுத்துக்கள் வந்து குவியும். கருவி தன் வழக்கமான அறிக்கைகளையும் அதே கம்பியில் வெளியிடுமாயின், கேள்வியும் விடையும் அறிக்கையும் ஒன்றோடொன்று கலந்து இரு பக்கமும் குழம்பும். இவையெல்லாம் ஒருமுறை தெரிந்துகொண்டால் மறவாதவை.

இவற்றினும் கொடியது வேறொன்று உண்டு. தொடர்பு கிடைத்துவிடுகிறது, நிரலும் நிற்கிறது, ஆனால் டீபக்கர் காட்டும் வரி பொருத்தமற்றதாயிருக்கிறது. எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் வேறெதுவோ தோன்றுகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கருவியில் ஓடும் நிரலும், மேஜைமேலுள்ள பிரதியும் ஒரே நாளில் ஒரே மூலத்திலிருந்து உருவானவை அல்ல. இடத்தைச் சேமிக்கும்பொருட்டு, கருவிக்கு அனுப்பப்படும் நிரலிலிருந்து மாறிகளின் பெயர்களும் வரி எண்களும் நீக்கப்பட்டுவிடுகின்றன. அப்பெயர்களைத் தாங்கிய முழுப் பிரதி மேஜைப்பக்கம் இருந்தாக வேண்டும். அது ஒரு திருத்தம் முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருந்தால், பழைய சர்வே வரைபடத்தைக் கொண்டு புதிய ஊரில் வீடு தேடுவதைப்போல் ஆகும். நிரல் துணைகொள்ளும் பொதுநூலகங்களுக்கும் இவ்விதியே பொருந்தும். ஒவ்வொரு நிரலிலும் அதன் உருவாக்க அடையாள எண்ணைப் பொறிக்கும் வசதி இன்றைய தொகுப்பிகளில் உள்ளது. அவ்வெண்ணைக் கருவியின் பெட்டிமீதும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. வாங்கும் ஒப்பந்தங்களில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்காமலிருப்பதற்குத் தக்க காரணம் எதுவும் தென்படவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், வழங்கிய நிறுவனம் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்ட நிலையில், முழுப் பிரதி எங்கே என்று தேடும் அவலம் அப்பொழுது நேராது.

தொடர்பும் பிரதியும் சரியாக அமைந்த பின்னும், ஓடும் நிரலை நிறுத்திப் பார்ப்பது என்ற முறையே களக்கருவிகளுக்குப் பலவேளை பொருந்துவதில்லை. நிரலில் ஒரு வரியில் நிறுத்தப்புள்ளி இடுவதென்றால், சாதாரணமாக அவ்விடத்திலுள்ள கட்டளையை எடுத்துவிட்டு நிறுத்தக் கட்டளையை வைப்பதாகும். நிரல், எளிதில் மாற்றியெழுத இயலாத நினைவகத்தில் இருக்குமானால் இது நடவாது. சில்லிலேயே அமைந்த ஒருசில நிறுத்தப்புள்ளிகளை மட்டும் சிக்கனமாகக் கையாள வேண்டும். அன்றியும், கருவிகளில் வாட்ச்டாக் எனப்படும் காவல் கடிகை ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தட்டிவைக்காவிடில், நிரல் செயலற்றுப்போயிற்று என்று கொண்டு, அது கருவியை முதலிலிருந்து தொடங்கச் செய்துவிடும். ஆராய்வோர் நிரலை நிறுத்திவைத்து யோசித்துக்கொண்டிருக்கையில் காவல் கடிகையின் பொறுமை முடிந்துபோகிறது; கண்ணெதிரே இருந்த சான்று அழிகிறது. சில சில்லுகளில், ஆராயும் வேளையில் மட்டும் இக்கடிகையை நிறுத்திவைக்க வழியுண்டு. ஆயினும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில், அல்லது மதகு பாதி திறந்திருக்கையில், அவற்றை ஆளும் நிரலை நடுவழியில் நிறுத்துவது அபாயமான செயல்.

மேலும், நிறுத்துவதாலேயே மறைந்துவிடும் பிழைகள் உள்ளன. இரு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் உண்டாகும் பிழை, ஒன்றைத் தாமதப்படுத்தியவுடன் காணாமற்போகிறது. இதனால், களத்தில் நிற்கும் கருவிக்கு நிறுத்திப் பார்த்தலைவிடப் பதிந்து பார்த்தலே சிறந்தது என்பது வற்புறுத்தத்தக்க கொள்கை. இக்கொள்கைக்கு இதுவரை கிடைத்துள்ள சான்றுகளுள் மிகச் சிறந்தது பூமியில் நிகழ்ந்தது அன்று.

அமெரிக்காவின் மார்ஸ் பாத்பைண்டர் விண்கலம் 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிற்று. அது சுமந்து சென்ற சோஜர்னர் என்னும் சிறு வண்டியின் படங்களை உலகமெங்கும் கண்டனர். இறங்கிய சில நாட்களில், வானிலை அளவீடுகளைத் திரட்டத் தொடங்கியபின், கலத்தின் கணிப்பொறி அவ்வப்போது தானே மறுதொடக்கம் செய்துகொள்ளலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலைகளில் எஞ்சியவை மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கலத்துக்கு ஒரு செய்தி சென்று சேரவே சுமார் 10 நிமிஷம் ஆயிற்று. பூமியிலிருந்து நிறுத்தப்புள்ளி இட்டு ஆராய்வது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அக்கலத்தின் நிரலில் பல வேலைகள் ஒரே சில்லைப் பங்கிட்டுக்கொண்டு ஓடின. தகவல் பாதையை மேற்பார்க்கும் வேலைகளுக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தகவல் திரட்டும் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை. ஏனைய பல இடைநிலையில் இருந்தன. நேர்ந்ததை ஓர் அலுவலகத்தைக் கொண்டு விளக்கலாம். பதிவறைச் சாவி கடைநிலை எழுத்தர் ஒருவரின் கையில் இருக்கிறது. மேலதிகாரிக்கு அவசரமாக அவ்வறையிலிருந்து ஒரு கோப்பு வேண்டியிருக்கிறது. எழுத்தர் தம் வேலையை முடித்துச் சாவியைத் தந்தாலன்றி அவர் உள்ளே செல்ல இயலாது. ஆனால் இடைநிலை அலுவலர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து எழுத்தரின் மேஜையை ஆக்கிரமித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேலதிகாரியின் அவசரத்தை அறியமாட்டார்கள். எழுத்தரைவிட உயர்ந்தவர்களாதலால் அவரை ஒதுங்கி நிற்கச் செய்ய அவர்களுக்கு உரிமையும் உண்டு. விளைவு, யாவரினும் மேலானவர் யாவரினும் கடைசியாகக் காத்திருக்கிறார். முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று இதற்குப் பெயர். பாத்பைண்டரில் ஒரு விநாடியில் எட்டு முறை நடைபெறும் சுற்று ஒன்று, முந்திய சுற்றின் வேலை முடியவில்லை என்று கண்டவுடன், ஏதோ பெருங்கோளாறு என்று முடிவுசெய்து கணிப்பொறியை மறுதொடக்கம் செய்தது. காவல் அமைப்பு தன் கடமையைச் சரிவரவே செய்தது.

இதற்குப் பரிகாரமும் முன்பே அறியப்பட்டதுதான். சாவி வைத்திருக்கும் எழுத்தருக்கு, அதைத் திருப்பித் தரும்வரை, காத்திருக்கும் மேலதிகாரியின் முன்னுரிமையைக் கடனாகக் கொடுத்துவிடுவது. அப்பொழுது இடைநிலையினர் அவரை ஒதுக்க இயலாது. லூயி ஷா, இரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி ஆகிய மூவரும் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இம்முறையை விரிவாக நிலைநாட்டிற்று. கலத்தில் உபயோகிக்கப்பட்ட வி.எக்ஸ். ஒர்க்ஸ் என்னும் இயக்க நிரலிலும் இவ்வசதி இருந்தது. குறிப்பிட்ட பூட்டு ஒன்றுக்கு மட்டும் அது முடக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு குறியீட்டை மாற்றியதும் நோய் தீர்ந்தது.

பரிகாரம் இவ்வளவு சிறியதாயின், கண்டுபிடித்தது எவ்வாறு? கலிபோர்னியாவில் பாசதீனாவிலுள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில், கலத்தின் நிரல் குழுவுக்குத் தலைமை வகித்த கிளென் ரீவ்ஸ் இதை அவ்வாண்டிலேயே விவரித்துள்ளார். அவர் விவரத்தில் கவனிக்கத்தக்கவை சில. சோதனைக்காலத்தில் உபயோகித்த நிகழ்ச்சிப் பதிவு நிரல், கலம் புறப்படும்போது அகற்றப்படவில்லை. மறதியால் விடப்பட்டதும் அன்று. சோதித்ததையே பறக்கவிட வேண்டும், பறக்கவிடுவதையே சோதிக்க வேண்டும் என்ற கொள்கையினால் விடப்பட்டது. அப்பதிவின் முழுத் தொகுதியைச் செவ்வாயிலிருந்து பூமிக்கு அனுப்புவதற்கு வழியில்லை. ஆனால் கலத்திலிருந்த அதே நிரல், ஓரெழுத்தும் மாறாமல், ஆய்வுக்கூடத்திலிருந்த இரட்டைக் கருவியிலும் இருந்தது. அங்குக் கலம் செய்த வேலைகளையே மீண்டும் மீண்டும் செய்யவைத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் பிழை அங்கும் தோன்றிற்று. கோளாறு கண்டவுடன் பதிவை நிறுத்தி வெளியிடும்படி நிரல் முன்பே எழுதப்பட்டிருந்ததால், நிகழ்ந்தது என்னவென்று அப்பதிவிலேயே தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்றும் அவர் மறைக்காமல் கூறியிருக்கிறார். இதே கோளாறு கலம் இறங்குவதற்கு முன்பே தலைகாட்டியது. ஆனால் துருவிப் பார்க்க முயன்றபோது மீண்டும் தோன்றவில்லை. இதுபோன்ற அனுபவம் இல்லாத பணிமனை உலகில் எங்குமே இராது. மீண்டும் தோன்றாத பிழையை இல்லாத பிழையாகக் கணக்கெழுதுவது எளிது. கருவியை ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கும்போது அது இன்னும் எளிதாகிறது. இந்நாட்டின் ஏற்புச் சோதனை அறிக்கைகளில், மறுமுறை தோன்றவில்லை என்ற குறிப்புடன் முடிந்துபோகும் கோளாறுகளுக்கென்று தனிப் பகுதி ஒன்று இருப்பது நலம். களத்தில் ஏதேனும் நேரும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுவே.

பதிவு மட்டும் போதாது, கருவிக்குள் நுழையப் பிறிதொரு வாயிலும் வேண்டும் என்பதை 2004-ஆம் ஆண்டில் ஸ்பிரிட் என்னும் செவ்வாய் வண்டி காட்டிற்று. அதன் நிலையான நினைவகத்தில் கோப்புகள் அளவுக்குமீறிச் சேர்ந்துவிட்டன. தொடங்கும்போதெல்லாம் அக்கோப்புகளின் அட்டவணையை ஏற்ற முயன்று, இடம்போதாமல் விழுந்து, மறுபடி தொடங்கி, சில நாட்களில் 60 முறைக்குமேல் மறுதொடக்கம் செய்துகொண்டது. அந்நினைவகத்தைத் தொடாமலே தொடங்கு என்று பூமியிலிருந்து கட்டளையிடுவதற்கு வழி வைத்திருந்ததால் வண்டி பிழைத்தது. 90 நாள் வேலைக்கென்று அனுப்பப்பட்ட அது 2010-ஆம் ஆண்டு மார்ச்சு வரை பூமியோடு தொடர்பில் இருந்தது. வாயேஜர் 1-இன் செய்தி இன்னும் வியப்பானது. 1977-இல் ஏவப்பட்ட அக்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தகவல்களை அனுப்பத் தொடங்கிற்று. ஒரு கேள்விக்கு விடை வர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும் தொலைவில், நினைவகத்தின் முழுப் பிரதியை அனுப்பச் செய்து, பழைய பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு சில்லு கெட்டிருப்பதைக் கண்டு, அதிலிருந்த நிரல்பகுதியைத் துண்டுதுண்டாக வேறிடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் அதை மீண்டும் பேசவைத்தார்கள். ஒப்பிடுவதற்குப் பழைய பிரதி இருந்தது என்பதே இதிலும் உயிர்நிலை.

செவ்வாய்க்கு அனுப்பிய கருவியைக் கேள்வி கேட்க இயலும்போது, அடுத்த மாவட்டத்திலுள்ள மழைமானியைக் கேட்க இயலாமலிருப்பது ஏன்? காரணம் தூரமன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி நிலையங்கள் பல, செயற்கைக்கோள் வழியாகப் புணேயிலுள்ள தரைநிலையத்துக்குத் தம் அளவீடுகளை அனுப்பும் முறையில் அமைக்கப்பட்டன. குறைந்த மின்சாரத்தில், தொலைபேசி வசதியில்லாத இடங்களிலும் இயங்குவதற்கு அது தக்க முறையே. ஆனால் அம்முறையில் நிலையம் பேசும், கேட்காது. கேட்காத கருவியிடம் டீபக்கரைக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய கருவி தானே முன்வந்து சொல்லும் செய்தியில்தான் யாவும் அடங்கியிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மழைமானி மூன்று நாட்களாக மழை பூஜ்யம் என்று அறிவிக்கிறது எனக் கொள்க. மழை பெய்யாதிருக்கலாம். புனலில் சருகோ பறவையின் எச்சமோ அடைத்து, உள்ளிருக்கும் ஊசலாடும் வாளி கவிழாதிருக்கலாம். வாளி கவிழ்ந்தும், அதை எண்ணும் தொடுவிசை துருப்பிடித்திருக்கலாம். இவையெல்லாம் சரியாயிருந்து, நிரல் மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டு பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கலாம். நான்கு நிலைகளுக்கும் அறிக்கை ஒன்றே. அளவீட்டோடு கூட, இது எத்தனையாவது அறிக்கை, கருவி கடைசியாகத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று, மின்கலத்தின் அழுத்தம் எவ்வளவு, கடைசி மறுதொடக்கத்துக்குக் காரணம் யாது என்ற நான்கு சிறு எண்களை அனுப்பினால் நிரல்பற்றிய ஐயம் பெரிதும் நீங்கிவிடும். மறுதொடக்கத்தின் காரணத்தைக் குறித்துவைக்கும் சிறு பதிவறை இன்றைய நுண்கட்டுப்படுத்திகளுள் பெரும்பாலானவற்றில் பிறவியிலேயே உண்டு. மின்சாரம் குன்றியதா, காவல் கடிகை தட்டிற்றா, நிரலே வேண்டிக்கொண்டதா என்பதை அது கூறும். அதைப் படித்து அனுப்புவதற்கு நிரலில் சில வரிகள் போதும். அவ்வரிகள் எழுதப்படாமையால், ஒருவர் பஸ் ஏறி, மலையேறி, பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு சென்றவர் முதலில் செய்வது யாது? பெரும்பாலும் கருவியை அணைத்து மீண்டும் ஏற்றுவதே. கருவி சிறிது நேரத்தில் வேலைசெய்யத் தொடங்குகிறது. சீர்செய்யப்பட்டது என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. அதே கோளாறு ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. இதில் பணியாளரைக் குறைகூறுவது நியாயமன்று. அவரிடம் கேட்கப்பட்டது கருவி ஓட வேண்டும் என்பதே. ஏன் நின்றது என்று எவரும் கேட்கவில்லை. ஆயினும் மின்சாரத்தை அணைக்கும் அக்கணத்தில், நினைவகத்திலிருந்த சான்று முழுவதும் அழிந்துபோகிறது. குற்றம் நடந்த அறையைப் போலீசார் வருமுன் கழுவிவிடுவதற்கு ஒப்பானது இது. அணைப்பதற்குமுன் விளக்கு எவ்வாறு சிமிட்டுகிறது, மின்கலத்தின் அழுத்தம் எவ்வளவு, கருவியின் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் வேறுபாடு எவ்வளவு, சூரியத் தகட்டில் தூசி எப்படி, முந்திய இரவு இடியோ மின்தடையோ இருந்ததா என்பவற்றை எழுதிவைக்கப் பத்து நிமிஷம் போதும். பதிவை ஒரு கம்பிவழி எடுத்துக்கொள்ள வசதியிருப்பின் அதையும் எடுத்துக்கொள்ளலாம். இப்பத்து நிமிஷத்தைப் பணியாளரின் கடமையாக மட்டுமன்றி உரிமையாகவும் ஆக்க வேண்டும். அதாவது, கருவி ஏன் உடனே ஓடவில்லை என்று மேலிடம் அவரை அவசரப்படுத்தலாகாது.

கடிகார வேறுபாட்டைக் குறித்தல் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பக்கத்துப் பதிவுகளையும் இணைத்துப் படிப்பதற்கு அதுவே கயிறு. கருவியின் கடிகாரம் ஐந்து நிமிஷம் பிந்தியிருப்பது தெரியாமல், எட்டு மணி மின்தடையையும் ஏழு ஐம்பத்தைந்து மறுதொடக்கத்தையும் தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளாகக் கொள்வோர் எத்தனையோ நாட்களை வீணாக்க நேரும்.

இக்கருத்துக்களுக்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. அவர்கள் கூறுவது புறக்கணிக்கத்தக்கதன்று. கருவிக்குள் நுழைந்து பார்க்கும் வாயிலைத் திறந்துவைத்தால் வேண்டாதவரும் நுழைவர் என்பது முதல் மறுப்பு. இது முற்றிலும் உண்மை. ஜி.டி.பி. செர்வருக்குத் தனக்கெனக் காவல் ஏதுமில்லை. வழி அறிந்த எவரும் அதன்மூலம் கருவியில் விரும்பியதைச் செய்யலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதைப் பொது வலைப்பின்னலில் ஓடவிடுவது வீட்டைத் திறந்துபோட்டு ஊருக்குப் போவதாகும். ஆனால் இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிவு யாவற்றையும் அடைத்துவிடுவது அன்று. பார்க்கும் கண் வேறு, மாற்றும் கை வேறு. பதிவுகளையும் நிலைகளையும் வெளியே அனுப்பும் வசதியை எல்லாக் கருவிகளிலும் என்றும் விட்டுவைக்கலாம். நிறுத்தவும் மாற்றவும் வல்ல வாயிலைப் பூட்டி, மறையாக்கம் செய்த பாதை வழியாக, குறித்த காலத்துக்கு மட்டும், பொறுப்பாளர் ஒருவரின் அனுமதியின்பேரில் திறக்கலாம். பெட்டியின் உள்ளேயிருக்கும் ஒரு திறப்பானைக் களப்பணியாளர் நேரில் அழுத்தினாலன்றித் திறவாதபடியும் அமைக்கலாம். வேலையைச் சிறிது கூட்டினும் இதுவே நடுவழி.

செலவு கூடும் என்பது இரண்டாவது மறுப்பு. பதிவுக்குச் சில கிலோபைட் நினைவகம் வேண்டும். பக்கங்கள் தீர்ந்ததும் முதற்பக்கத்திலிருந்து மேலெழுதிக்கொள்ளும் வட்டப் பதிவாயின் அது வளர்ந்துகொண்டே போகாது. ஒருமுறை மலையேறிவரும் பயணப்படியோடு ஒப்பிட்டால் இச்செலவைப்பற்றிப் பேசுவதே மிகை.

ஆசிரியர்களுக்கு இதில் உள்ள பங்கு பெரியது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் சிறு பலகைகளில் நிரல் எழுதப் பழகுகின்றனர். பிழை வந்தால் ஆங்காங்கே ஒரு சொல்லை வெளியிடச் செய்து பார்ப்பதே அவர்கள் அறிந்த முறை. அம்முறை இகழத்தக்கதன்று, ஆனால் ஒவ்வொரு வெளியீடும் நிரலின் காலக்கணக்கைச் சிறிது மாற்றுகிறது என்பதையும், அதனால் சில பிழைகள் மறைவதையும் அவர்கள் கண்ணாரக் காண வேண்டும். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிகோ போன்ற மலிவான பலகைகளில் சோதனைக் கம்பிகளுக்கு இடமுண்டு. அத்தகைய பலகை ஒன்றையே மற்றொன்றை ஆராயும் கருவியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆகவே உபகரணம் இல்லை என்ற காரணம் இன்று நிற்காது.

ஒரு பயிற்சியைக் கூறலாம். பலகை ஒன்றை அடுத்த அறையில் வைத்து, அதில் ஆசிரியர் அறிந்தே ஒரு பிழையை இட வேண்டும். ஒரு வாரம் அது நிரலில் இருக்கலாம், மறுவாரம் மின்கலத்தில், பின்னொரு வாரம் கழன்ற கம்பியில். ஒரு மாணவர் மட்டும் அவ்வறைக்குச் செல்லலாம். அவர் நிரலைப் பார்க்கலாகாது, கண்டதை எழுதியே அனுப்ப வேண்டும். மற்றவர்கள் பலகையைப் பார்க்கலாகாது. கம்பி வழியாக வருவதையும் அவர் எழுத்தையும் கொண்டே ஆராய வேண்டும். முதல் முறையில் எழுதுபவர், விளக்கு எரிகிறது என்று மட்டும் எழுதுவார். எந்த விளக்கு, என்ன நிறம், விநாடிக்கு எத்தனை முறை என்று கேட்டு அடுத்த அறையிலிருந்து சீட்டு வரும். வாரந்தோறும் எழுதுபவரை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். இரு அறைகளிலும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இருந்து பார்க்கும்வரை.